நாக்குக்காக நிறுத்திய மாத்திரை

எழுபதுகளின் பிற்பாதியில், காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. என் கணவர் கல்யாணச் சமையல்காரர். கோட்டையூர், நேமத்தான்பட்டி, தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெரிய வீட்டில் விசேஷம் என்றாலும், தேதி குறித்த கையோடு காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். அவருக்குப் படிப்பு அதிகம் கிடையாது. வாயும் அதிகம் கிடையாது. அந்தக் குறையைத்தான் அவர் பெண்டாட்டி ஒருத்தியே தீர்த்து வைக்கிறாளே என்று என் நாத்தனார் சொல்வாள்.

அவருடைய சொத்து என்றால் அந்த நாக்குதான். கரண்டி நுனியில் துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். ஊரே சாப்பிடுகிற அண்டாவானாலும், உப்பு இன்னும் எத்தனை கைப்பிடி போடலாம் என்று சொல்லிவிடுவார். தப்பியதே கிடையாது. வீட்டில் என் சமையலைப் பற்றியும் அதே நாக்கு தீர்ப்புச் சொல்லும். அதற்காக நான் பட்ட கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒருநாள் சந்தைக்குக் காய்கறி எடுக்கப் போன இடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, ரத்தக் கொதிப்பு என்றார். அந்த வியாதியெல்லாம் மெத்தையில் படுத்திருக்கிறவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தவள் நான். “அடுப்பு முன்னாடியே நிக்கிறீகள்ல, ரத்தமும் கொதிச்சுப் போச்சு போல” என்று கேலி பண்ணினேன். ஆனால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அளவு ரொம்பக் கூடுதலாக இருக்கிறது, மாத்திரை தவறக் கூடாது என்று சொன்னதும் என் கேலி நின்றுபோனது. அன்று முதல் மாத்திரைக்கு நான்தான் காவல். காலையிலும் மாலையிலும் செம்பில் தண்ணீரோடு போய் நிற்பேன். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

மாத்திரை போட ஆரம்பித்த பிறகு மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். ஓயாமல் தண்ணீர் குடித்தார். ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டே திரிந்தார். மத்தியானமானால் தூக்கம் சொக்கியது. தேவகோட்டை பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். நான் எல்லாப் பழியையும் வெற்றிலை மேல் போட்டேன். சுண்ணாம்பு பட்டு நாக்கு வெந்துபோயிருக்கும், அதுதான் வறட்சி என்று சொல்லி வெற்றிலைப் பெட்டியை எடுத்து ஒளித்து வைத்தேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அப்புறம் நேமத்தான்பட்டியில் ஒரு சாந்தி வந்தது. அறுபதாம் கல்யாணத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். என் தம்பிதான் அவருக்கு இரண்டாவது ஆள். அவன் வந்து சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். முதல் பந்தியில் சாம்பாரைத் தொட்டவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்களாம். உப்பு அவ்வளவு கூடுதல். அந்த வீட்டு அம்மா, எங்கள் பக்கம் ஆச்சி என்போம், நல்ல மனுஷி. சத்தம் போடாமல் ஒரு கிண்ணத்தில் சாம்பாரை ஊற்றி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, “நீங்களே பாருங்க” என்று நீட்டியிருக்கிறார். இவர் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, “சரியாத்தானே ஆச்சி இருக்கு” என்றாராம்.

அடுப்படியில் இருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்களாம். என் தம்பி ஓடிப்போய் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, “மச்சான், வாயில வைக்க முடியல” என்று காதோடு சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தொழில் தெரியாமல் தப்பு செய்திருந்தால் மறுதரம் சரிசெய்து கொள்ளலாம். தப்பு செய்ததே தன் நாக்குக்குத் தெரியவில்லை என்றால் அந்த மனிதர் எங்கே போவார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “இன்னும் வெத்தலை போடுங்க” என்றுதான் சொன்னேன்.

கொஞ்ச நாளில் பொங்கல் வந்தது. மருந்துக் கடை அடைப்பு. மாத்திரை தீர்ந்துபோனதை நான் கவனிக்கவில்லை. கடை திறந்ததும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அந்த இடைவெளியில் ஒருதரம் சாப்பிடும்போது வாயில் எச்சில் ஊறியதை அவர் மட்டும் கவனித்திருக்கிறார். நாக்கைக் கெடுப்பது மாத்திரைதான் என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததை என்னிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டார்.

அதை அடுத்து வந்ததுதான் கோட்டையூர்க் கல்யாணம். நேமத்தான்பட்டிக் கதை அந்த வீட்டுக்கும் எட்டியிருந்தது. அந்த வீட்டுப் பங்காளிகள் வேறு ஆளைப் போடச் சொல்லியும், பெண்ணைப் பெற்ற ஆச்சி இவர்தான் வேண்டும் என்று நின்றுவிட்டார். பலகாரம் போட முன்கூட்டியே போய்த் தங்க வேண்டும். மாத்திரையை ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டேன். அதன் மூடி நிற்காது. அதனால் சிவப்பு நூலால் இறுகச் சுற்றிக் கட்டி, அவர் பையில் வைத்து, “ரெண்டு வேளையும் மறக்காம போடுங்க” என்று சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

கல்யாணத்தன்று காலையில் நான் டவுன் பஸ் ஏறிக் கோட்டையூர் போனேன். ஆச்சி எனக்கும் தனியாகப் பாக்கு வைத்து அழைத்திருந்தார். அதனால் இருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, முகப்பு வழியாகவே மிடுக்காக நுழைந்தேன். உள்முற்றத்து வளவு முழுக்கக் கூட்டம். வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்காக ஒரு பெரிய கறுப்புக் கார், முன்பக்கம் தெரியாத அளவுக்கு மல்லிகைச் சரம் சுற்றி நின்றது. நான் முதலில் பின்கட்டுக்குத்தான் போனேன்.

போய்ப் பார்த்தால், அவர் தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சமையல் முடியும் முன் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முகம் செக்கச் சிவந்திருந்தது. அடுப்புச் சூட்டில் வரும் வேர்வையை எனக்குத் தெரியும். இது அந்த வேர்வை கிடையாது. தொட்டால் கை சில்லிட்டிருந்தது, நடுங்கியது. பிடரியில் யாரோ உலக்கையால் இடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். நெஞ்சு படபடவென்று அடிப்பது சட்டை போடாத உடம்பில் வெளியிலேயே தெரிந்தது.

“விடியக்காலமேருந்து இப்புடித்தான்க்கா இருக்காக. அனல் ஒத்துக்கலைன்னு நெனச்சோம்” என்றான் என் தம்பி. அனலுக்கு என்ன செய்வார்கள்? மோரில் உப்பை அள்ளிப் போட்டுச் செம்பு செம்பாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தி கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறாள். பாவம், எல்லோரும் நல்லது நினைத்துத்தான் செய்தார்கள்.

“மாத்திரை போட்டீகளா?” என்று கேட்டேன்.

“போட்டேன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் பையை எடுத்துக் கவிழ்த்தேன். டப்பா உருண்டு வந்தது. நான் சுற்றிய நூல், நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே ஏதாவது பேசியிருப்பேன். ஆனால் அவர் எழுந்திருக்கப் பார்த்து, தள்ளாடி, அண்டாவைப் பிடிக்கப் போனார். என் தம்பி தாங்கிக்கொண்டான். அதைப் பார்த்ததும் என் ஆத்திரமெல்லாம் பயமாகிப் போனது. இந்த மனிதர் இன்றைக்கு என் கையை விட்டுப் போய்விடுவார் என்று தோன்றிவிட்டது. பட்டுச் சேலையோடு அந்தக் கரித்தரையில் உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

யாரோ போய் ஆச்சியிடம் சொல்லியிருக்கிறார்கள். பெண்ணுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்த நேரம். கையில் பூவோடு அப்படியே ஓடி வந்தார்.

“ஏத்தா, என்ன செய்யுது அவுகளுக்கு?”

ரத்தக் கொதிப்பு இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அழுதுகொண்டே சொன்னேன். ஆச்சி ஒரு நொடி அவரைப் பார்த்தார். “வாசல்ல நிக்கிற காரை எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

கூட வந்திருந்த பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் பதறிவிட்டார். “மாப்பிள்ளை ஏறப்போற காரு. அத ஆசுபத்திரிக்கா அனுப்புறீக? வேற வண்டி பாப்போம்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். மாப்பிள்ளை கோவிலிலிருந்து வர வேண்டும், திருப்பூட்டித் தாலி கட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஆசுபத்திரி என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

ஆச்சி குரலை உயர்த்தவில்லை. “வேற வண்டி எங்குட்டு நிக்குதுன்னு தேடுறதுக்குள்ள என்னமும் ஆயிட்டா, எம்மக கல்யாணச் சாப்பாட்ட நான் எப்படித் திங்கிறது? மாப்பிள்ளை நடந்து வரட்டும். கோயிலு என்ன காசியிலயா இருக்கு” என்றார். பிறகு என் தம்பியைப் பார்த்து, “நீ அடுப்பப் பாரு. உப்பு நான் வந்து பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் பெண்ணிடம் போய்விட்டார். அந்தம்மாளுக்கு நாங்கள் உறவா, பங்காளியா? கூலிக்கு வந்தவர்கள்.

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பூ வைத்த காரில் காரைக்குடிக்குப் போனோம். வழியெல்லாம் மாப்பிள்ளை பெண் வருகிறார்கள் என்று நினைத்து ஜனங்கள் ஒதுங்கி நின்று சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தார்கள். உள்ளே பார்த்தால் தலையில் ஈரத் துண்டு கட்டிய மனிதர் ஒருவரும், அழுது முகம் வீங்கிய பொம்பளை ஒருத்தியும். எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் எங்களுக்காக ஓரம் கட்டி நின்று கும்பிடு வேறு போட்டார். அவ்வளவு தலைவலியிலும் என் கணவர் கண்ணைத் திறந்து, “நம்ம கல்யாணத்துக்கு மாட்டு வண்டிதானே வச்சோம்” என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு.

“ஏங்க இப்படிப் பண்ணுனீக?” என்றேன்.

“நாக்கு வந்திருச்சு” என்றார். “வத்தக்குழம்புல வெந்தயம் துளி கூடுதல்னு தெரிஞ்சுச்சு. பாகுல ஏலம் தெரிஞ்சுச்சு. எல்லாம் தெரிஞ்சுச்சு.” சொல்லும்போது அவர் கண் கலங்கியது. கல்யாண வீட்டுக்குப் போன அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும், கல்யாணம் முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்ததாகவும் அப்போதுதான் சொன்னார்.

டாக்டர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். மறுபடியும் காற்றடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்து நான் சாமியை எல்லாம் கூப்பிட்டுவிட்டேன். நூல் சுற்றிய டப்பாவை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்ததும் வேறொன்றும் கேட்கவில்லை. உள் அறையில் படுக்க வைத்து, அதே மாத்திரையைக் கொடுத்து, ஊசியும் போட்டார். வெளியே காத்திருந்தவர்களை விட்டுவிட்டு அடிக்கடி வந்து பட்டையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார். சாயங்காலம் நடுக்கம் நின்றது. தலைவலி விட்டது. அவர் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்று சொன்னதும் எனக்குப் போன உயிர் வந்தது. இனி திட்டலாம் என்று அப்போதுதான் தைரியம் வந்தது.

நான் ஆரம்பிக்கும் முன் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஏன் நிறுத்துனீக?” என்று சாதாரணமாகக் கேட்டார். வாயே திறக்காத மனிதர், நேமத்தான்பட்டிச் சாம்பாரிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்தக் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொன்னதை, தன் வாயால் அவர் சொல்லி அன்றைக்குத்தான் நானே கேட்டேன். தினம் இரண்டு வேளை அவர் முன் நின்ற எனக்கு, மாத்திரை அவர் நாக்கை எடுத்துக்கொண்டது தெரியவில்லை. போட்டீகளா என்பதைத் தவிர நான் வேறென்ன கேட்டேன்?

டாக்டர் அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இந்த மாத்திரைக்கு நாக்கு வறளும். தூக்கம் வரும். அத நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க என்ன தொழில்னு கூட நான் கேக்கல” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டாக்டர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு சொன்னார்: “நிறுத்தணும்னு நெனச்சதுல தப்பில்ல. நீங்களா, அதுவும் சட்டுனு நிறுத்துனதுதான் வம்பாப் போச்சு. பொங்குற அண்டாவுக்கு மூடி போட்டு மேல கல்லையும் வச்சிருக்கீக. திடீர்னு கல்லத் தூக்குனா என்னாகும்?”

“மூடியே எகிறிரும்” என்றார் என் கணவர்.

“அதான் இன்னிக்கு நடந்துச்சு. எகிறுனது மூளையில எங்கயாச்சும் வெடிச்சிருந்தா உங்க வீட்டம்மா இப்ப இப்படி மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாக.”

அந்த மாத்திரையை விட்டு வேறு மாத்திரைக்கு மாறலாம், ஆனால் தான் சொல்கிறபடிதான் என்று கண்டிப்பாகச் சொன்னார். புதியதைத் தொடங்கி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வாரா வாரம் வந்து அளவு பார்க்க வேண்டும். ஏறினால் குறைப்பதை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எல்லாம் இறங்கும் வரை அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது. ஒவ்வொரு மாத்திரையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, இன்னொருத்தர் குறைத்த மாதிரி நீங்கள் குறைக்கக் கூடாது என்பதையும் சொல்லியனுப்பினார்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். மாத்திரையைப் பாதியாக்க டாக்டர் சொல்லியிருந்தார். அது சின்னஞ்சிறு மாத்திரை. வீட்டில் அதற்கு வாட்டமான கருவி பாக்குவெட்டிதான். ஒரு பாதி கையில் நிற்கும், மறு பாதி தெறித்து அரிசிப் பானைப் பக்கம் ஓடும். நான் குனிந்து தேட, அவர் அம்மிப் பக்கம், குதிர்ப் பக்கம் என்று இடம் சொல்ல, சண்டையும் சிரிப்புமாகத்தான் ஒவ்வொரு வேளையும் கழியும். ஒரு தரம் அளவு கொஞ்சம் ஏறிவிட்டது. டாக்டர் பொறுத்துப் போவோம் என்று அந்த வாரம் குறைக்கவில்லை. அவசரப்பட்டுக் கேட்ட என் கணவரிடம், “கல்ல ஓரமா நகத்துங்க, தூக்காதீக” என்று மட்டும் சொன்னார். இவர் சரி என்று திரும்பிவிட்டார். அடுப்பு பாஷையில் சொன்னதால் அவருக்குச் சட்டென்று புரிந்தது போலிருக்கிறது.

பழைய மாத்திரை முழுக்க நின்று கொஞ்ச காலம் ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியானம் புளிக்குழம்பு வைத்திருந்தேன். இலையில் ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“உப்பு தூக்கலா இருக்கு” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தைக்கு நான் கோபப்படாமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான். அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு வந்தேன். “ஆமா, தூக்கலாத்தான் இருக்கும், பேசாமச் சாப்பிடுங்க” என்றேன். அவர் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

டாக்டர் சம்மதித்த பிறகு அவர் மறுபடியும் வேலைக்குப் போனார். முதலில் கூப்பிட்டது கோட்டையூர் ஆச்சிதான். அன்று கல்யாணத்தில் மாப்பிள்ளை நடந்து வந்த கதையை ஆச்சியே சிரிக்கச் சிரிக்கச் சொன்னாராம். ஊர்ச் சனமெல்லாம் மாப்பிள்ளையைக் கிட்டத்தில் பார்த்துச் சந்தோஷப்பட்டதாம். பிள்ளைகள் தோளில் ஏறிப் பார்த்தார்களாம். அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். இருக்க வேண்டும் என்று நான் எந்தக் கோவிலுக்குப் போனாலும் வேண்டிக்கொள்வேன்.

அவர் புது மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்கிறார். என்னிடமும் யாராவது வந்து, “அந்த மாத்திரை பிடிக்கல, விட்டுட்டேன்” என்றால், முன்னைப் போல நான் திட்டுவதில்லை. என்ன செய்தது என்று கேட்டுவிட்டு, அதையே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று கையோடு அனுப்பி வைக்கிறேன். கூடப் போக ஆளில்லை என்றால் நானே போகிறேன். உயிர் பிழைக்கப் போடுகிற மாத்திரையாலேயே ஒரு மனிதர் தன்னை இழந்துகொண்டிருப்பதைப் பக்கத்தில் இருந்தும் பார்க்காமல் இருந்துவிட முடியும் என்று எனக்குத் தெரிந்துபோனதால், இப்போதெல்லாம் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டு, போட்டால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டு, பதில் வரும் வரை அங்கேயே நிற்கிறேன்.